பதினாறாயிரத்துச் சொச்சம்

வின்னிபெக். இரவு இரண்டு பத்து.
தலையணைக்கடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல்
போன் அதிர்ந்தது.
தானியக் கணக்கு நகரவில்லையாம்.
நூற்றுப்பன்னிரண்டு பெட்டிகளோடு ரயில் நிற்கிறதாம்.
எடைமேடையில் டோரீன்
சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

சமையலறை மேசை. லேப்டாப். இரண்டு ஜோடி சாக்ஸ்.
சர்வரின் நினைவகம் அறுபத்து நான்கு ஜிகாபைட்;
அதில் தரவுத்தளத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு?
16384.

நிம்மதி.
மெகாபைட்டை ஜிகாபைட்டாக்கினால் பதினாறு;
கச்சிதமாகக் கால் பங்கு.
இரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய அறிக்கையிலும்
இதே எண்தான்:
நினைவகம் போதுமானது, வட்டுகள்தான் மந்தம்.
தயாரித்தவர்: தி. வகுளா.

அன்றைய கூட்டத்தில் லோர்ன் ஃப்ரீசன் கேட்டார்:
‘பதினாறாயிரத்துச் சொச்சம். சரி. என்னத்தில்?’
எல்லோரும் சிரித்தோம்.
மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்றாலும்
எந்த ஊர் நேரம் என்று கேட்கிற மனிதர்.
புது வட்டுகள் வந்தன.
லோர்ன் வேறு பிரிவுக்குப் போனார்.

இன்று, சும்மாதான், தூக்கம் கலைய,
வேறொரு கட்டளையில் அதையே கேட்டேன்.
நூற்றிருபத்தெட்டு மெகாபைட் என்றது.

இன்னொரு தரம் கேட்டேன்.
நூற்றிருபத்தெட்டு.

ஜன்னலை இழுத்து அகலமாக்கினேன்.
வலது ஓரம், திரைக்கு வெளியே,
ஒரு பத்தி இத்தனை காலம் நின்றுகொண்டிருந்திருக்கிறது
செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடுவார்கள் என்று.
அலகு: எட்டு கிலோபைட்.

எட்டு கிராம் ஒரு பவுன் என்று
கல்யாண வீட்டில் கண்ணாலேயே எடைபோடுகிறவள் நான்.
எட்டு கிலோபைட் ஒரு பக்கம் என்பது
எனக்குத் தெரியாததா?
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கேட்டார். சிரித்தேன்.

அடுத்த வரியில் 4096: அங்கே அலகு வெறும் கிலோபைட்.
அதற்கும் கீழே மைனஸ் ஒன்று.
கடன் இல்லை அது;
‘நீயே பார்த்துக்கொள்’ என்று அர்த்தம்.
இன்னொன்றில் பூஜ்யம்:
காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பே கிடையாதென்று.
ஒரே பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாஷை.

குறை சொல்ல எனக்கென்ன தகுதி?
இந்த ஊரில் என் உயரம் அடியில்,
எடை பவுண்டில்,
பெட்ரோல் லிட்டரில்,
அடுப்பு ஃபாரன்ஹீட்டில்,
ரெஜைனா எவ்வளவு தூரம் என்றால் ஆறு மணி நேரம்.
விவசாயி புஷலில் பேச, ரயில் டன்னில் வாங்கும்.
யாரும் குழம்புவதில்லை.
எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்தால் போதும்.
இயந்திரத்துக்கு எதிரில் நிற்பது நான் என்று
இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

அறுபத்து நான்கு அறை மாளிகையில்
ஒரு அலமாரிக்குள் முழங்கால் மடக்கி
இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறது, பாவம்.
முனகவில்லை. மெதுவாக மட்டும் இருந்தது.

எண்ணோடு அலகையும் ஒட்டி
மேற்கோள் குறிக்குள் பூட்டி எழுதினேன்.
மறுதொடக்கம். பதினோரு வினாடி.
அது பதினோரு வினாடிதானா என்று
அடுப்புக் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன்.
டோரீன் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினாள்.
ரயில் நிரம்பத் தொடங்கியிருக்கும்.

லோர்னுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
மூன்று முறை தொடங்கி மூன்று முறை அழித்தேன்.
கடைசியில் போனது ஒரே வரி:
‘எட்டு கிலோபைட்டில்.’

வானொலியில் காற்றின் குளிர் மைனஸ் நாற்பது என்கிறார்கள்.
அதற்கு அலகு சொல்வதில்லை இங்கே. வெறும் நாற்பது.
கோட்டை மாட்டிக்கொண்டு
காரின் ஹீட்டர் ஒயர் செருகியிருக்கிறதா என்று
பார்க்கப் போனேன்.

செருகியிருந்தது.
மறுமுனை பனிக்குள் கிடந்தது.